ராத்திரி 10 மணி ரொட்டி சானாய் ஆசை

வணக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கேன், வயசு 38. எடை குறைக்க, காலையிலும் ராத்திரியிலும் சாப்பாட்டுக்குப் பதிலா ஷேக், மதியம் மட்டும் சோறு. இது 5ஆவது வாரம், 3 கிலோ குறைஞ்சிருக்கு. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்ல.

பகல்ல தொல்லையே இல்ல. ராத்திரி 10 மணிக்குத்தான் வினை. வீட்டுக்குக் கீழேயே மாமாக் கடை, அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் தட்டுற சத்தம் மாடி வரைக்கும் கேக்குது. வயித்துப் பசி இல்ல, நாக்குப் பசி. போன வாரம் மூணு நாள் தோத்துட்டேன், ஒரு நாள் தே தாரிக்கோட (ஆத்தின பால் டீ).

தண்ணி குடிச்சேன், வெள்ளரிக்காய் கடிச்சேன், சீக்கிரமே பல் விளக்கிப் பார்த்தேன். அரை மணி நேரம்கூடத் தாங்கல. ஷேக் ஒரே இனிப்பு, அதான் நாக்கு காரம் தேடுதோ என்னவோ.

ராத்திரி ஷேக்கை மதியத்துக்கு மாத்திட்டு, இரவுல முட்டையும் கீரையும் காரமா சாப்பிட்டா இந்த ஆசை அடங்குமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.