அப்பாவுக்கு ஈசினோபில் 22%, பூச்சி மருந்து கொடுக்கலாமா?

ஈசூன்_மணி: அவசரம். அப்பாவின் ரத்த ரிப்போர்ட்டில் ஈசினோபில் என்ற வெள்ளணு வகை 22 சதவீதம் என்று வந்திருக்கிறது. ஹீமோகுளோபினும் குறைவு. கிளினிக்கில் அடுத்த வாரம்தான் வரச் சொன்னார்கள். பூச்சி மருந்து கொடுத்துவிடலாமா?

தேக்கா_தம்பி: குறைவு என்றால் எவ்வளவு அண்ணே? வயது? இங்கேயே இருப்பவரா, ஊரிலிருந்து வந்தவரா?

பிடோக்_அக்கா: பயப்படாதீர்கள், அலர்ஜியாகத்தான் இருக்கும். என் மகனுக்குத் தூசி ஒவ்வாமை, அவனுக்கும் ஏறியிருந்தது.

மூத்தவர்: இன்னுமோர் அரைகுறைக் கேள்வி. வெறும் சதவீதத்தை வைத்து என்ன சொல்வது? மொத்த வெள்ளணு எவ்வளவு? பெருக்கத் தெரியும் அல்லவா?

ஈசூன்_மணி: மன்னிக்கவும். வயது 64. ஹீமோகுளோபின் 9.1, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 68, மொத்த வெள்ளணு 9,500. தஞ்சாவூர்ப் பக்கம் வயல் வேலை. சிங்கப்பூர் வந்து மூன்று மாதம்.

மூத்தவர்: 9,500இல் 22 சதவீதம், 2,090 ஈசினோபில். 500ஐத் தாண்டினாலே அதிகம். இதை முதலிலேயே போட்டிருக்கலாம்.

தேக்கா_தம்பி: எம்சிவி 68, சிவப்பணு இவ்வளவு சிறுத்திருக்கிறது என்றால் தலசீமியா மைனர்தான், பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு. எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு இருக்கிறது.

லேப்_ஆள்: தலசீமியா ஈசினோபிலை ஏற்றாது தம்பி. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் பார்க்கட்டும். வெறுங்காலில் வயலில் நின்றவர் என்றால் என் முதல் சந்தேகம் கொக்கிப்புழு. மண்ணிலிருந்து பாதத்தோல் வழியே நுழைந்து, நுரையீரலைச் சுற்றிக்கொண்டு குடலுக்கு வரும். அப்படி உடம்புக்குள் ஊர்ந்து போகிற புழுக்களுக்குத்தான் ஈசினோபில் திரளும். அமீபா, ஜியார்டியா போன்ற ஒற்றைச்செல் கிருமிகளுக்குப் பெரும்பாலும் ஏறாது. குடலில் ஒட்டிய பிறகு ஒரு புழு நாளுக்கு 0.03 முதல் 0.2 மில்லி வரை ரத்தம் இழக்க வைக்கும். நூறு இருந்தால்? உடம்பில் இரும்பு தீர்ந்து சிவப்பணு சிறுத்துவிடும்.

வேம்பு_ரசிகன்: இனிப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். வேப்பங்கொழுந்து அரைத்து வெறும் வயிற்றில் ஓர் உருண்டை.

மூத்தவர்: இனிப்பில் புழு முட்டையா இருக்கிறது?

வேம்பு_ரசிகன்: எங்கள் பாட்டி எட்டுப் பிள்ளை வளர்த்தவர். நீங்கள்?

பிடோக்_அக்கா: இரண்டு பேரும் வேறு இடத்தில் போய்ச் சண்டை போடுங்கள்.

ஈசூன்_மணி: இன்னொன்று. மூட்டுவலிக்கு வேறொரு டாக்டர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து எழுதியிருக்கிறார். நாளை ஆரம்பிக்க வேண்டும். அதனால் ஒன்றும் இல்லையே?

லேப்_ஆள்: இதையா கடைசியில் சொல்வது! ஆரம்பிக்கும் முன் அந்த டாக்டரிடம் இந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று ஒரு புழு, இதுவும் பாதம் வழியாகத்தான் வரும். உடம்புக்குள்ளேயே பெருகிப் பல ஆண்டு தங்கும். ஸ்டீராய்டு உள்ளே போனால் கட்டுமீறிப் பரவி ஆளையே கொன்றுவிடலாம். அதே ஸ்டீராய்டு ஈசினோபிலையும் இறக்கும், ரிப்போர்ட் சரியானது போலத் தெரியும். மலத்தில் ஒரு தடவை மட்டும் பார்த்தால் இந்தப் புழு கண்ணில் படாமல் தப்பிவிடலாம், ரத்தத்தில் அதற்கென்று தனிச் சோதனை உண்டு. இன்னொன்று, 64 வயதில் இரும்பு குறைந்தால் புழுவோடு நிறுத்தாமல் குடலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈசூன்_மணி (ஒன்பது நாள் கழித்து): மலத்தில் கொக்கிப்புழு முட்டை. அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து, இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். குடலுக்குள் கேமரா விட்டும் பார்ப்பார்களாம். நன்றி.

லேப்_ஆள்: ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் சோதனை எடுத்தார்களா? பிரெட்னிசோலோன் ஆரம்பித்தாயிற்றா?

லேப்_ஆள்: மணி?