மறு: 'பொய்யாக்கத்தக்க' வேண்டாம், 'பொய்க்கவல்ல' போதும்

கலைச்சொல் குழு அன்பர்களுக்கு வணக்கம். 'ஃபால்சிஃபையபிள்' (falsifiable), அதாவது தவறாக இருந்தால் அதைச் சோதித்துக் காட்ட இடம் தருகிற கூற்று என்பதற்கு நம் பட்டியலில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது.

> 'ஃபால்சிஃபையபிள்' என்பதற்குப் 'பொய்யாக்கத்தக்க' என்றே வைத்துவிடலாம். இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. அந்தச் சொல்லை வகுப்பில் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். ஓர் அறிவியல் கூற்று சோதனையில் தோற்க இடம் கொடுக்க வேண்டும் என்று தத்துவவாதி கார்ல் பாப்பர் 1934-இல் சொன்னதை விளக்க, சொர்க்கத்தின் வெப்பநிலைக் கணக்கைக் கரும்பலகையில் போடுவது என் வழக்கம். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கூடவே போடுவார்கள்.

1972-இல் ஓர் ஒளியியல் இதழில் பெயர் போடாமல் வந்த கணக்கு அது. நிலா சூரியனைப் போல ஒளிரும், சூரியன் ஏழு மடங்காக, ஏழு பகலின் வெளிச்சத்தைப் போல ஒளிரும் என்கிறது பைபிளின் ஏசாயா 30:26. இதைச் சொர்க்கத்தைப் பற்றியது என்று எடுத்துக்கொள்கிறது கணக்கு. நிலாவிலிருந்து 1 பங்கு, சூரியனிலிருந்து 7 × 7 = 49 பங்கு. ஆக, பூமிக்குக் கிடைப்பதைப் போல 50 மடங்கு. வாங்கும் வெப்பமும் கதிர்வீச்சாக வெளியேறும் வெப்பமும் சமமானால், ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மன் விதிப்படி வெப்பநிலையின் நான்காம் அடுக்கு 50 மடங்காக வேண்டும். பூமிக்கு 300 கெல்வின் என்று கொண்டால் சொர்க்கத்துக்கு 798 கெல்வின், அதாவது 525 டிகிரி செல்சியஸ். நரகத்தில் எரிவது கந்தகக் கடல். கந்தகம் ஏறத்தாழ 445 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். கடல் கடலாகவே இருக்க வேண்டுமானால் வெப்பம் அதற்குக் கீழேதான் இருந்தாக வேண்டும். எனவே நரகத்தைவிடச் சொர்க்கமே சூடு!

1998-இல் ஸ்பெயின் இயற்பியலாளர் இருவர் இதை மறுத்தார்கள். ஏழு மடங்கு என்பதும் ஏழு பகல் என்பதும் ஒரே அளவைத்தான் சொல்கின்றன, அதை இரண்டு தடவை பெருக்கக் கூடாது என்றார்கள். 7 + 1 = 8 மடங்கு. விடை 231.5 டிகிரிக்கு இறங்கிவிட்டது. வேடிக்கைக் கணக்குதான், ஆனால் எந்த இடத்தில் உடையும் என்று காட்டிக்கொண்டு நின்றது, அங்கேயே உடைந்தது. அதனால்தான் எனக்கு இது இவ்வளவு பிடிக்கும்.

சரி, இங்கேதான் சிக்கல். "இது பொய்யாக்கத்தக்க கூற்று" என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். முன்வரிசைப் பெண் எழுந்து, "அப்ப சொர்க்கம் பொய்னு சொல்றீங்களா சார்?" என்றாள். அவள் கேட்டது சரிதான். 'பொய்யாக்கு' என்றால் மெய்யைப் பொய்யாகத் திரிப்பதும் ஆகும். 'தக்க' வேறு சேர்ந்து, அப்படிச் செய்வது தகும் என்று சொல்கிறது.

நமக்கு வேண்டிய வினை 'பொய்த்தல்'. மழை பொய்த்தது என்கிறோம், மழை பொய் சொன்னது என்று யாரும் நினைப்பதில்லை. எதிர்பார்த்தது நடக்கவில்லை, அவ்வளவுதான். 'விண்இன்று பொய்ப்பின்' என்று 13ஆம் குறளிலேயே இந்தப் பொருள் இருக்கிறது. ஒரு கணிப்பு தோற்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வினை தமிழில் இல்லை என்பேன்.

> அப்படியானால் 'பொய்க்கக்கூடிய' போதாதா?

போதாது அம்மா. 'மழை பொய்க்கக்கூடும்' என்றால் அநேகமாகப் பொய்க்கும் என்றுதான் காதில் விழுகிறது. 'வல்ல' அப்படி ஊகம் சொல்லாது. பொய்க்க இடம் உண்டு என்பதோடு நின்றுவிடும். 'புதுப்பிக்கவல்ல ஆற்றல்' என்று ஏற்கெனவே எழுதுகிறோமே. ஆகவே பொய்க்கவல்ல கூற்று, பொய்க்கவல்லமை.

எதிர்ச்சொல்லில்தான் கூடுதல் கவனம் வேண்டும். 'நரக நெருப்பு கண்ணுக்கும் தெரியாது, எந்தக் கருவிக்கும் எட்டாது' என்று ஒருவர் சொன்னால் அது எங்கே தோற்கும்? எங்கும் தோற்காது. ஆனால் அதைப் 'பொய்யாத கூற்று' என்று எழுதிவிடாதீர்கள். குறளையே பொய்யாமொழி என்கிறோம். குறையைச் சுட்டப் போய்ப் பாராட்டிவிட்டு வருவோம். 'பொய்க்கவல்லாத' என்பது நாக்கில் இடறுகிறது. 'பொய்க்க வழியற்ற' என்று பிரித்து எழுதலாம் என்பது என் கருத்து. இதைவிடச் சுருக்கமாக ஒற்றைச் சொல் கிடைத்தால் எழுதுங்கள், பட்டியலில் அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.