எக்செல் 12 என்றது, டிஸ்க் 200 என்றது

டேட்டாபேஸுக்கு ஸ்டோரேஜ் வாங்கும் முன் கணக்குப் போட்டுப் பார்த்து, அந்தக் கணக்கே காலை வாரிய அனுபவம் யாருக்காவது உண்டா? நானே ஆரம்பிக்கிறேன்.

15,000 ஆர்பிஎம் டிஸ்க் எட்டு. ஒரு சுற்றுக்கு 4 மில்லிசெகண்ட். வேண்டிய பக்கம் சராசரியாக அரைச் சுற்றில் கிடைக்கும், அது 2. படிக்கும் ஹெட் அந்த இடத்துக்கு நகர 3.5. ஆக 5.5. ஒரு டிஸ்க் நொடிக்குச் சுமார் 180 ஐ/ஓ (ஒரு முறை படிப்பதோ எழுதுவதோ), எட்டுக்கும் 1440. எங்கள் தேவை 600 ரீட், 200 ரைட். 800-ஐ 1440-ஆல் வகுத்தேன், 55 சதவீதச் சுமை. 5.5-ஐ (1 - 0.55)-ஆல் வகுத்தால் காத்திருப்பும் சேர்த்து 12 மில்லிசெகண்ட். இடமும் மிச்சமாகுமே என்று ரெய்டு 5 (டிஸ்குகளைச் சேர்த்து, ஒன்று கெட்டாலும் டேட்டா தப்பும்படி வைக்கும் முறை) போட்டோம்.

புரொடக்ஷனுக்குப் போன முதல் வாரமே ஸ்கிரீன் உறைந்துபோகிறது என்று புகார். டிஸ்கின் சுமையைக் காட்டும் ஐயோஸ்டாட்டைத் திறந்தால் (பெயர் வைத்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும்) காத்திருப்பு 200-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. ரெய்டு 5-இல் ஒரு சின்ன ரைட் என்றால் நான்கு வேலை: பழைய டேட்டாவைப் படி, பழைய பேரிட்டியைப் (கெட்ட டிஸ்கின் டேட்டாவை மீட்க உதவும் தகவல்) படி, இரண்டையும் புதிதாக எழுது. என் 200 ரைட் டிஸ்குக்குப் போய்ச் சேரும்போது 800. மொத்தம் 1400, அதாவது 97 சதவீதம். அதே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், 200-க்குப் பக்கத்தில்தான் வரும். சூத்திரம் அப்பாவி. கன்ட்ரோலரின் ரைட் கேஷ் (எழுத வேண்டியதைச் சற்று நேரம் தாங்கி வைக்கும் மெமரி) காப்பாற்றும் என்று நம்பியிருந்தோம். அது திடீர் அலையைத் தாங்கும், நாள் முழுக்க அடிக்கிற மழையைத் தாங்காது. ரெய்டு 10-இல் பேரிட்டி இல்லை, இரண்டு நகல்தான்; ரைட்டுக்கு இரண்டே வேலை, மொத்தம் 1000, கணக்குப்படி 18. மாற்றினோம், ஒரு ஞாயிறு போனது.

* * *

எங்க கதை வேற. நாங்க நேரா சிமுலேஷனே பண்ணோம். முதல் தடவை டெஸ்ட் டேட்டா 20 ஜிபி, பஃபர் பூல் (டேட்டாபேஸ் மெமரியில டேட்டாவை வச்சுக்கிற இடம்) 32 ஜிபி. டிஸ்கையே தொடாத டெஸ்டை வச்சு டிஸ்க் டிசைன் பண்ணியிருக்கோம்!

டேட்டாவைப் பெருசாக்கியும் ஓட்டை அடைபடல. 50 த்ரெட், ஒவ்வொண்ணும் பதில் வந்தப்புறம்தான் அடுத்த க்வெரியை அனுப்பும். டிஸ்க் திணறினா த்ரெட்டும் பொறுமையா நிக்கும், க்யூ 50-ஐத் தாண்டவே தாண்டாது. நிஜ யூசர் அப்படியா? வந்துக்கிட்டே இருப்பாங்க, ரெஃப்ரெஷ் வேற அமுக்குவாங்க. கடைசியில புரொடக்ஷன் லாக்ல இருந்த நேரப்படியே க்வெரிகளை விட்டோம், பதிலுக்குக் காத்திருக்காம. அப்பத்தான் குட்டு உடைஞ்சது: ட்ரான்ஸாக்ஷன் லாகும் (ஒவ்வொரு மாற்றத்தையும் குறிச்சு வைக்கிற ஃபைல்) டேட்டாவும் ஒரே டிஸ்க்ல. லாக் வரிசையா எழுதிட்டுப் போற ஆளு. நடுவுல ஒரு ரீட் வந்து ஹெட்டை எங்கேயோ இழுத்துட்டுப் போயிடும், ஒவ்வொரு கமிட்டும் (மாற்றத்தை உறுதி பண்றது) அது திரும்பி வர்ற வரைக்கும் காத்துக் கெடக்கும். லாகுக்குத் தனியா ரெண்டு டிஸ்க் ஒதுக்கினதும் அடங்குச்சு.

* * *

சுத்தாத, ஹெட்டே இல்லாத எஸ்எஸ்டி வந்தாச்சே, இன்னும் ஹெட் நகர்றதை யாருங்க கணக்குப் போடுறாங்க?

* * *

ஹெட் போய்விட்டது, க்யூ போகவில்லையே! சுமை ஏற ஏற வளைவு செங்குத்தாக எழுவது அங்கும்தான். பழைய ஹெட்டின் நினைவும் முழுக்கப் போகவில்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ரேண்டம் பேஜ் காஸ்ட் (வரிசையாகப் படிப்பது 1 என்றால், தாவித் தாவிப் படிக்க ஆகும் செலவு) எதுவும் மாற்றாவிட்டால் 4. எஸ்எஸ்டி போட்டும் அதை யாரும் தொடாமல், இண்டெக்ஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், முழு டேபிளையும் ஸ்கேன் செய்துகொண்டிருந்த ஒரு சர்வரைப் போன மாதம்தான் பார்த்தேன். 1.1 ஆக்கினேன், பிளான் மாறியது.