புதுப்பிப்பு: ஏர் ரைபிளுக்கு எந்த பெல்லட்?

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: கோத்தகிரி வீட்டுத் திண்ணையில் 10 மீட்டருக்குச் சுட்டுப் பழக, 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு (காற்றுத் துப்பாக்கி) எந்த பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, நல்லது: கூர்முனையா, தட்டைத் தலையா? கூர்முனைதான் நேராகப் போகும் என்று அடித்துப் பேசியிருந்தேன். சரி, அந்தப் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மூன்று வகை வாங்கி ஐந்தைந்தாகச் சுட்டேன். முதல் நாள் எல்லாமே சிதறல். பெல்லட்டைத் திட்டினேன், தப்பு என்னுடையது. துப்பாக்கியை மணல் மூட்டைமேல் அழுத்தி வைத்திருந்தேன். ஸ்பிரிங் ரைபிளில் பெல்லட் குழலை விட்டுப் போவதற்குள்ளேயே, காற்றை அழுத்தித் தள்ளும் பிஸ்டன் துப்பாக்கியை உதறிவிடும். கெட்டியாகப் பிடித்தால் அந்த உதறல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி. இங்கே ஒரு அண்ணன் சொன்னபடி மூட்டைக்கும் துப்பாக்கியின் மரக்கட்டைக்கும் நடுவே உள்ளங்கையை வைத்து, லேசாகத் தாங்கிச் சுட்டேன். அப்புறம்தான் வித்தியாசம் தெரிந்தது.

தட்டைத் தலை, சுமார் 0.53 கிராம், ஜெயித்தது. ஐந்து துளையும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குள் விழுந்தன. அட்டையில் வட்டமாக வெட்டுவதால் எண்ணவும் சுலபம். கூர்முனை கிழித்துத்தான் வைக்கிறது. பெல்லட்டின் தலை அளவு 4.49, 4.50 மி.மீ. என்று டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். என் குழலுக்கு 4.50 பொருந்தியது, உங்களுடையது வேறாக இருக்கலாம்.

பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வர்க்கியைத் தொடாதீர்கள். அம்மாவிடம் திட்டு வாங்கியாகிவிட்டது.