செலோடேப் கறைக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் அடுத்த மாதம் கோட்டோவியம், அச்சோவியம் என்று தாள் படைப்புகளுக்கு மட்டும் கண்காட்சி. பழைய மாணவர்களின் எட்சிங் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சு), லினோகட் (லினோலியத்தைச் செதுக்கி எடுக்கும் அச்சு) எல்லாம் பீரோவை விட்டு வெளியே வந்திருக்கின்றன. ஒரு எட்சிங்கின் பின்பக்கம் யாரோ ஒரு புண்ணியவான் செலோடேப் ஒட்டியிருக்கிறார். பசை தேன் நிறத்தில் ஊறி, முன்பக்கம் தகடு அழுந்திய விளிம்பு வரை வந்துவிட்டது. ஹேர் டிரையர் காட்டலாம் என்கிறார் ஒருவர். எனக்கு மனசு வரவில்லை.

தாள் பாதுகாப்புத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இதைத் தொடலாமா, அப்படியே ஃபிரேம் போடலாமா? மற்ற படங்களை ஜப்பானியத் தாள், கோதுமை ஸ்டார்ச் பசை வைத்து மாட்டப் போகிறோம். ஆசிட் இல்லாத மவுண்ட் போர்டு (ஃபிரேமுக்குள் படத்தைப் பொருத்தும் அட்டை) சென்னையில் எங்கே கிடைக்கும்? வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக்கூடாதாம். இங்கே இருப்பதோ கண் கூசும் ஸ்பாட்லைட். செலவில்லாமல் மங்க வைக்க முடியுமா?