மகளுக்கு மூன்றாம் மாதம், எனக்கு நித்திரையும் இல்லை சிரிப்பும் இல்லை

அளம்பில் தாய்:
அக்காமாருக்கு வணக்கம். எனக்கு இது முதல் பிள்ளை. துடக்குக் கழியும்வரை மாமி காயச் சரக்கு அரைத்து, பத்தியக் கறி வைத்து, ஒரு குறையும் விடவில்லை. கிளினிக் கார்டில் மகளின் நிறையும் நன்றாக ஏறுகிறது. ஆனால் அவள் நித்திரையானாலும் எனக்குக் கண் மூடாது. கூரைத் தகரத்தைப் பார்த்தபடி விடியும்வரை கிடப்பேன். சாப்பாடு இறங்காது. அழுதால் தூக்குகிறேன், பால் கொடுக்கிறேன், ஆனால் யாரோ பார்க்கச் சொல்லி விட்டுப்போன பிள்ளை போல இருக்கிறது. இவர் இரவில் கடலுக்குப் போய்விடுவார். அம்மாவை 2009 இல் இழந்தேன். அவ இருந்தால் இப்படி வந்திருக்காது என்று நினைத்து நினைத்து அழுகிறேன். மருத்துவமாது வரும்போது மாமி பக்கத்திலேயே இருப்பா, வாய் திறக்க முடியாது. இது வருத்தமா, என் குணமா? மருந்து எடுத்தால் பாலை நிறுத்த வேண்டுமா?

பரந்தன் அக்கா:
தங்கச்சி, குணமில்லை, வருத்தம்தான். பிள்ளை பெற்ற பிறகு வருகிற மனச்சோர்வு நோய். பிள்ளை பிறந்த கிழமையில் சும்மா சும்மா கண்ணீர் வருவது நிறையப் பேருக்கு உண்டு. அது இரண்டு கிழமைக்குள் போய்விடும். உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது.

எனக்கு மூத்தவன் பிறந்தபோது வந்தது. கோயிலில் நூல் கட்டினார்கள். மனதுக்கு ஆறுதல், ஆனால் நித்திரை வரவில்லை. டொக்டர் முதலில் இரத்தச்சோகையும் தைரோயிட்டும் பார்த்தார், பிறகு செர்ட்ரலின் என்ற மனச்சோர்வுக் குளிசை தந்தார். பால் கொடுத்துக்கொண்டேதான் எடுத்தேன். அது பாலில் மிகக் கொஞ்சம்தான் போகும். பால் கொடுக்கிறதை டொக்டரிடம் சொல்லுங்கள், பார்த்துத்தான் எழுதுவார். குளிசை போட்டவுடன் சுகம் வராது, சில கிழமை எடுக்கும். இடையில் விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் மகனின் பாதத்தில் நுளம்புக் கடியைக் கண்டு, வலையில் ஓட்டை ஓட்டையாகத் தேடித் தைத்துக்கொண்டிருந்தேன். பாதி தைத்த பிறகுதான் விளங்கியது, அவனுக்காக எனக்குப் பதைக்கிறது என்று. அதுவரை அப்படி இருந்ததில்லை.

வவுனியா, ஓய்வுபெற்ற மருத்துவமாது:
பிள்ளை, கிளினிக்கில் நிறை பார்க்கிற இடத்தில் மெதுவாக "மிஸ், தனியக் கதைக்க வேணும்" என்று சொல்லுங்கள். அது போதும், மிச்சத்தை அவ பார்ப்பா. எடின்பரோ என்று பத்துக் கேள்விப் படிவம் ஒன்று தமிழிலும் இருக்கிறது. போன 7 நாள் எப்படி இருந்தீர்கள் என்றுதான் கேட்கும். கடைசிக் கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்தும் எண்ணம் வந்ததா என்பது. அதில்தான் தாய்மார் பொய் சொல்வார்கள், பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம். கேட்பது உங்களைக் காப்பாற்ற, பயப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

அப்படி எண்ணம் வந்தாலோ, இல்லாத குரல் கேட்டாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. தனிய இருக்காமல், 1990 அம்புலன்ஸை அழைத்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடு இரவிலும் மனம் விட்டுக் கதைக்க 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

மாமியைத் தள்ளி வைக்காதீர்கள். காயம் அரைத்துத் தந்த மனுசி, இரவில் ஒரு நேரம் பிள்ளையைப் பாருங்கோ மாமி என்றால் பார்க்க மாட்டாவா? கேட்டுப் பாருங்கள். தொடர்ந்து நாலைந்து மணித்தியாலம் நித்திரை கொள்வதும் உங்களுக்கு மருந்துதான்.

அளம்பில் தாய்:
கடைசிக் கேள்விக்கு என் பதில் இல்லை என்பதுதான், யோசிக்காதீர்கள். இவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். வியாழன் கிளினிக்குக்குத் தானும் வருகிறாராம், அன்றைக்குக் கடல் இல்லை என்றார்.