ஓடும் படகில் கொடி எந்தப் பக்கம் பறக்கும்?

கேள்வி:
மேற்கிலிருந்து 12 நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) வேகக் காற்று. படகு நேர் வடக்கே 9 நாட் வேகத்தில் போகிறது. இரண்டையும் கூட்டினால் கொடி வடகிழக்கே பறக்க வேண்டும். ஆனால் விடைக்குறிப்பில் தென்கிழக்குப் பக்கம் என்று இருக்கிறது. எங்கே தவறு? பாய்மரப் படகுக்கும் இதே கணக்குதானா?

பதில் 1:
கூட்டியதுதான் தவறு. படகில் இருப்பவர் உணரும் காற்று = காற்றின் திசைவேகம் − படகின் திசைவேகம். சந்தேகம் வந்தால் காற்றே இல்லை என்று வைத்துப் பாருங்கள். வடக்கே போகும் படகில் காற்று முகத்தில் அடிக்கும், கொடி தெற்கே பறக்கும். கூட்டினால் வடக்கே பறக்கும் என்று வரும்!

உங்கள் கணக்கில் கிழக்கே 12, தெற்கே 9. √(144+81) = 15 நாட். கொடி கிழக்கிலிருந்து தெற்காக 37° விலகிப் பறக்கும். படகில் நிற்பவருக்குக் காற்று முகப்பிலிருந்து இடப்பக்கம் 53°-இல் வரும்.

பதில் 2:
பாய்மரப் படகுக்கும் அதே கணக்குதான். அங்கே அதைக் கவனிக்காவிட்டால் ஆபத்து. 10 நாட் காற்று பின்னாலிருந்து வர, படகு 6 நாட்டில் ஓடினால் உணரும் காற்று வெறும் 4. மந்தமான காற்று என்று முழுப் பாயையும் விரித்து வைத்திருப்பார்கள். படகைத் திருப்பி உண்மைக் காற்றுக்கு (படகு நிற்கும்போது உணரும் காற்றுக்கு) 45°-இல் அதே 6 நாட்டில் எதிர்த்து ஏறினால் உணரும் காற்று 14.9 நாட், அதுவும் முகப்பிலிருந்து 28°-இல். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும், 4-க்கும் 14.9-க்கும் சுமார் 14 மடங்கு வித்தியாசம். பலத்த காற்றில் இப்படித் திரும்பினால் படகு படுத்துவிடும். அதனால் பாயைச் சுருக்குவதானால் திரும்புவதற்கு முன்பே சுருக்குங்கள்.

கேட்டவர்:
நன்றி. பாய்மர உச்சியில் உள்ள காற்றுமானியின் அளவிலிருந்து உண்மைக் காற்றைக் கண்டுபிடிக்க ஜிபிஎஸ் வேகத்தைக் கூட்டினால் போதுமா?

பதில் 3:
நீரோட்டம் இல்லாவிட்டால் போதும். ஜிபிஎஸ் தருவது தரையைப் பொறுத்த வேகம். அதைக் கூட்டினால் தரையைப் பொறுத்த காற்று கிடைக்கும். பாய் வேலை செய்வதோ நீரைப் பொறுத்த காற்றில். காற்றில்லாத நாளில் 2 நாட் நீரோட்டம் படகை வடக்கே இழுத்துப்போனால், காற்றுமானி வடக்கிலிருந்து 2 நாட் காட்டும். அந்த 2 நாட்டை வைத்தே பாய் விரித்து ஓட்டலாம். ஆகவே படகின் அடியில் உள்ள வேகமானியின் அளவைக் கூட்டுங்கள்.

அந்த வேகமானியின் சிறு சக்கரத்தில் பாசி பிடித்தால் வேகம் குறைவாகக் காட்டும். அப்போது எதிர்க்காற்றில் போகையில் உண்மைக் காற்று கூடுதலாகவும், பின்காற்றில் குறைவாகவும் கணக்காகும். திரும்பிய உடனே காற்று மாறியதுபோல் திரையில் தெரிந்தால் முதலில் சக்கரத்தைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.